தவமணி சொன்னதும் நான் எழுதியதும்

1

மெல்பேர்னுக்கு வந்து பதினைந்து வருடங்களாகின்றன. அதில் பதின்மூன்று வருடங்களாக ஓர் ஆஸ்பத்திரியின் துணிப் பகுதியில் வேலை செய்கிறேன். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணி ஒரு பக்கம், வெளுத்து வந்த துணி மறுபக்கம், நடுவில் ஒரு சுவர். நான் வெளுத்த பக்கம். விரிப்புகளையும் துவாய்களையும் மடித்து வண்டியில் அடுக்கி வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். ஊரிலிருந்து யாராவது கேட்டால் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல்வேன். நான் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கும் உறவினர்கள் நாவற்குடாவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இதை வாசித்தால், நினைப்பை மாற்றிக்கொள்ளட்டும்.

போன மாதம் எங்கள் பகுதி ஆட்கள் எல்லோருக்கும் அரைநாள் பயிற்சி வைத்தார்கள். வேலைத்தலத்தில் சமத்துவம், பன்மைத்தன்மை, இன்னொன்று. அந்த மூன்றாவது சொல்லைத் தமிழில் எழுத எனக்குக் கை கூசும். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

பயிற்சி கொடுக்க வந்த இளம்பெண் நல்லவள். ஒவ்வொருவரையும் தன் பெயரை மெதுவாகச் சொல்லச் சொன்னாள். மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் ஆளுக்கொரு தாள் தந்தாள். பயிற்சி எப்படி இருந்தது, வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் சமமாக நடத்தப்படுகிறீர்களா என்று நான்கு கேள்விகள். அடியில் வெறும் இடம். மனதில் உள்ளதை எழுதலாம், பெயர் போட வேண்டாம் என்றாள்.

டெங் தன் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தென்சூடானிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும், ஆறு வருடமாக அழுக்குத் துணிப் பக்கத்தில் நிற்கிறார். ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், எழுத வராது.

"எலிசா, நீ எழுது. நான் சொல்கிறேன்" என்று தாளை என் முன்னால் வைத்தார்.

பேனாவை எடுத்தேன். கை அசையவில்லை. மேசையில் இருந்தவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பெயர் போடாத ஒரு தாளில், இன்னொருவர் சொல்லச் சொல்ல நான் கடைசியாக எழுதியது மட்டக்களப்பில். அப்போது நான் என்ன எழுதினேன் என்பதை அன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

2

நாங்கள் பறங்கியாக்கள், போர்த்துக்கீசர் வழிவந்த சனம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் எங்கள் வீடு இருந்தது. மம்மாவோடு, என் அம்மாவோடு, கதைப்பது பாதி போர்த்துக்கீசு, பாதி தமிழ். வாசலைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கினால் முழுக்கத் தமிழ். கன்னியர் மடத்தில் படித்ததால் எனக்கு ஆங்கிலம் எழுதவும் வரும்.

2004ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் கணவரும் மூன்று வயது மகள் ஷெரினைத் தூக்கிக்கொண்டு பட்டினத்து மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தோம். கால் வீங்கியிருந்ததால் மம்மா வரவில்லை. "நீங்க போயிற்று வாங்க, நான் மிச்ச கேக்க வெட்டி வைக்கிறன்" என்றா. நாங்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, மம்மாவும் இல்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அதற்குப் பிறகு நாவற்குடாவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருந்தோம். கணவருக்கு வேலையில்லை. வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று பட்டினத்தில் அலுவலகம் திறந்தது. ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தது. வேலைக்குச் சேரும் படிவத்தில் இனம் என்ற இடத்தில் நான்கு பெட்டிகள்: சிங்களவர், தமிழர், முஸ்லிம், மற்றவை. நான் மற்றவை. அந்த அலுவலகத்தில் அந்தப் பெட்டிக்குள் வர இன்னும் ஒருத்தி இருந்தாள். ஆனால் அவள் தமிழர் என்று போட்டிருந்தாள்.

அவள்தான் தவமணி.

3

தவமணி வாகரைப் பக்கம் கதிரவெளிக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கரையோரத்து வேடர் சனம். அப்படிச் சொன்னால் ஊரில் இப்போதும் சிலர் சிரிப்பார்கள். கடலிலும் களப்பிலும் மீன்பிடித் தொழில் செய்கிற, நம்மைப் போலத் தமிழ் பேசுகிற சனம். "எங்கட அப்பாவும் படிவத்தில தமிழ் எண்டுதான் போட்டவரு மிஸ். வேற எதப் போடுற?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோயிருந்தது. பாதிக்கப்பட்ட ஊர்களிலிருந்தே ஆட்களை எடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னதால் அவளை ஊர் இணைப்பாளராக எடுத்தார்கள். யாருக்கு என்ன தேவை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்து சொல்ல வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் கிணற்றில் உப்பு, யாருடைய தோணி எந்த மரத்தில் அடிபட்டு உடைந்தது, எல்லாம் மனதில் இருக்கும். அவள் சொல்ல நான் அறிக்கை எழுதுவேன்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூட்டத்துக்காகப் பட்டினத்துக்கு வருவாள். வழியில் சோதனைச் சாவடிகள் அதிகம் என்பதால் அன்றே திரும்ப முடியாது. எங்கள் வீட்டில் தங்குவாள். ஷெரினை மடியில் வைத்துக்கொண்டு தலைவாருவாள். நாங்கள் இருவரும் அடுக்களையில் ஒரே மாதிரிக் கோப்பைகளில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்போம். எலிசா என்று கூப்பிடச் சொன்னால் கேட்க மாட்டாள். எனக்கு மிஸ், என் மகளுக்கு "மகள்".

அலுவலகத்தில் அப்படியில்லை. எங்கள் எல்லோருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. தவமணிக்கு மட்டும் ஒரு கண்ணாடிக் கிளாஸ். அது குழாயடியில் தனியாகக் கவிழ்த்திருக்கும். யார் அப்படி ஒழுங்கு செய்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. தேநீர் போடும் அம்மா தானாகச் செய்தாவோ, நிர்வாக உத்தியோகத்தர் சொன்னாரோ தெரியாது. நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தோம். மறுநாள் காலை என் வீட்டில் அவளுக்குக் கோப்பை கொடுத்தபோது, ஏதோ கடன் தீர்ந்ததுபோல நானே நினைத்துக்கொண்டேன்.

4

அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அனா என்ற வெளிநாட்டுப் பெண். சுனாமிக்கு அடுத்த வருடம் எங்களுக்கும் ஒரு பயிற்சி வைத்தார். அதே விஷயம். ஓர் இடத்தில் வேலை செய்கிறவர்களும், உதவி பெறுகிறவர்களும் எல்லோரும் சமம், ஒருவரும் விடுபடக் கூடாது. அனா ஆங்கிலத்தில் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும். கரும்பலகையில் எழுதுவதும் நான்தான்.

முதல் இரண்டு சொற்களும் பிரச்சினையில்லை. மூன்றாவது சொல்லுக்கு, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்பதற்கு, அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். பலகையில் பெரிதாக எழுதினேன்: உள்வாங்கல். எழுதிவிட்டு உரத்தும் சொன்னேன். "இண்டைக்கு நாம கதைக்கப்போறது உள்வாங்கல் பற்றி."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு விளங்கவில்லை. கடைசி வரிசை வாங்கில் இருந்து தவமணி எழும்பினாள்.

"மிஸ், அந்தச் சொல்ல அழிங்க."

"ஏன் தவமணி?"

"முதல் தரம் தண்ணி வந்து போன பிறகு கடல் உள்வாங்கிச்சு. நிலத்தில மீன் துடிச்சிக் கிடந்திச்சு. எண்ட ரெண்டும் அதப் பொறுக்கத்தான் ஓடினதுகள். அந்தச் சொல்ல அழிங்க."

அழித்தேன். அனா என்னவென்று கேட்டார். ஒரு சொல் பிழைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். கடலில் ஆளை இழந்த நான், அந்த அறையில் இருந்த பாதிப் பேரைப் போல, அந்தச் சொல்லை எப்படி எழுதினேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அகராதியைப் பார்த்து எழுதியதால் இருக்கலாம்.

இடைவேளைக்குத் தேநீர் வந்தது. சமத்துவம் படித்துவிட்டு எழும்பிய எங்களுக்குப் பூப்போட்ட கோப்பைகள். தவமணிக்குக் கிளாஸ்.

கடைசியில் கருத்துத் தாள் தந்தார்கள். ஆங்கிலத்தில். பெயர் போட வேண்டாம், மனதில் உள்ளதை எழுதலாம் என்று அனா சொன்னார். ஆங்கிலம் எழுதக்கூடியவர்கள் நானும் நிர்வாக உத்தியோகத்தரும்தான். அவரிடம் போக யாரும் விரும்பவில்லை. என் முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவரும் நல்லது, பிரயோசனம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாகத் தவமணி வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"மிஸ், நான் சொல்றத அப்படியே எழுதுங்க. அந்தச் சொல்ல இனி ஒருத்தருக்கும் படிப்பிக்க வேணாம் எண்டு எழுதுங்க. எனக்கு மட்டும் கிளாசில தேத்தண்ணி தாறது எனக்கு விளங்கும், எனக்கும் கண் இருக்கி எண்டு எழுதுங்க. இண்டைக்குச் சமம் எண்டு படிப்பிச்சிற்று இடைவேளைக்கும் அதத்தானே தந்தாங்க."

குரலைக் குறைத்தாள். "மத்தது, வீட்டுத்திட்டத்துக்கு அளக்க வந்த ஆக்கள் மதகடியோட கிறுகித் திரும்பிப் போயிற்றாங்க. மதகுக்கு அங்கால எங்கட ஆக்கள் பதினொரு குடும்பம் இருக்கி. காணி உறுதிப் பத்திரம் இல்லையாம். எங்கட ஆக்களுக்கு எண்டைக்கு மிஸ் உறுதி இருந்தது? அவங்களையும் வந்து பாக்கச் சொல்லி எழுதுங்க. இத ஊர்ல ஒருத்தரும் கேக்கல்ல. இண்டைக்குத்தான் சொல்லுங்க எண்டு ஒரு ஆள் கேட்டிருக்கா."

அந்த அளவையை ஒழுங்கு செய்தவர் நிர்வாக உத்தியோகத்தர். அவர் தாள்களைப் போடும் பெட்டியோடு எங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "என்ன எலிசா, இன்னும் முடியல்லயா?"

திட்டம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட இருந்தது. அவர் சொல்கிறவர்களுக்குத்தான் வேலை நீளும். என் வீட்டில் வேலை எனக்கு மட்டும். அதைவிட, அந்தச் சொல்லைப் பற்றி எழுதினால் நான் பலகையில் எழுதியது எப்படிப்பட்ட சொல் என்று அனாவுக்குத் தெரிந்துவிடும் என்ற வெட்கமும் இருந்தது. எல்லாவற்றையும் எழுதுகிறேன், இதை ஏன் மறைக்க வேண்டும்.

நான் எழுதினேன்: மிகவும் பயனுள்ள பயிற்சி. வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்கள் இருந்தால் நல்லது.

"எழுதிற்றீங்களா மிஸ்?"

"ஓம் தவமணி. எழுதிற்றன்."

அவள் தாளைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்து, இரண்டாக மடித்துத் தானே பெட்டிக்குள் போட்டாள்.

5

சில மாதங்களில் அனாவின் பணிக்காலம் முடிந்தது. புறப்படும் நாளில் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னார்: "இங்கே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது, எலிசா. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்தக் கருத்துத் தாள்களை மூன்று தரம் வாசித்தேன். ஒரு வரியாவது கிடைத்திருந்தால் நானே போய்ப் பார்த்திருப்பேன். எல்லோருக்கும் பயிற்சி பிடித்திருந்தது, அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாரதி கதவைத் திறந்துகொண்டு நின்றார். நான் அனாவைக் கட்டிப்பிடித்து அனுப்பினேன்.

மதகுக்கு இப்பால் வீடுகள் எழும்பின. அப்பால் ஒன்றும் எழும்பவில்லை. தவமணி என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. கூட்டத்துக்கு வந்தாள், எங்கள் வீட்டில் தங்கினாள், ஷெரினுக்குத் தலைவாரினாள். கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு வாகரைப் பக்கம் சண்டை மூண்டது. பாதை பூட்டப்பட்டது. ஒரு டிசம்பரில் அந்தப் பக்கத்துச் சனம் காட்டு வழியாகவும் களப்பைக் கடந்தும் நடந்து வந்து சேர்ந்தார்கள். முகாமில் பெயர் பதியும் மேசையில் நான் இருந்தேன். வரிசையில் தவமணி வந்தாள். பாதம் இரண்டும் வெடித்திருந்தன.

"மிஸ் சுகமா? மகள் வளந்திட்டாவா?" என்றாள்.

"மதகுக்கு அங்கால இருந்த ஆக்கள்?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் வந்திட்டம். வீடு கிடைச்ச ஆக்களும் கிடைக்காத ஆக்களும் ஒண்டாத்தான் நடந்து வந்தம்."

பின்னால் வரிசை நீளம். அவள் நகர்ந்துவிட்டாள். மறுநாள் தேடினேன், வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவளை நான் காணவில்லை.

அவள் சொன்ன அந்த வசனத்தை நான் பல வருடங்கள் எனக்குச் சாதகமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுதியிருந்தாலும் என்ன, கட்டியிருந்தாலும் என்ன, சண்டையில் எல்லாமே போயிருக்கும்தானே. யுத்தம் முடிந்த வருடம் எங்கள் அலுவலகமும் மூடப்பட்டது. கணவரின் அக்கா எங்களை இங்கே எடுப்பித்தா. விமானத்தில் ஏறும்போதும் இந்தச் சமாதானத்தைத்தான் கொண்டு ஏறினேன்.

6

இங்கே இருக்கும் தமிழ் ஆட்களுக்கு என் பெயரையும் உடுப்பையும் பார்த்தால் நான் தமிழில்லை. இங்கே இருக்கும் கொழும்புப் பறங்கியருக்கு என் ஆங்கிலத்தைக் கேட்டால் நான் தமிழ். "என்னகா" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் என்னைக் கூப்பிட ஆளில்லாமல் போய்ப் பதினைந்து வருடங்கள். அதற்காகவே சில வேளை மட்டக்களப்பில் இருக்கும் தம்பி ரெமிக்குத் தொலைபேசி எடுப்பேன். அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். கதைக்க விஷயம் இல்லாவிட்டால், இன்றைக்கு வாவியில் தண்ணீர் எந்த மட்டம், இறால் பட்டதா, வாவி கடலில் சேரும் முகத்துவாரம் வெட்டியாயிற்றா என்று கேட்பேன். அவனும் அலுக்காமல் சொல்வான். பின்னேரம் ஐந்து மணிக்குக் கல்லடிப் பாலத்தில் நடந்தால் வாவியிலிருந்து ஒரு வாடை வரும். மெல்பேர்னில் ஆறும் இருக்கிறது, பாலமும் இருக்கிறது. நடந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.

ஷெரினுக்கு இப்போது இருபத்துநாலு வயது. ஒன்பது வயதில் எந்தத் தமிழோடு வந்தாளோ அதே தமிழ்தான் இன்றும். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ஆளணிப் பிரிவில் வேலை. சமத்துவப் பயிற்சிகளை ஒழுங்கு செய்வதே அவளுடைய வேலை.

அன்றைக்கு டெங்கின் தாளில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு அவரிடம் சொன்னேன்: "மெதுவாகச் சொல்லுங்கள். ஒரு சொல்லும் விடமாட்டேன்."

அவர் சொன்னார். "பெயர் சொல்லப் பழக்கினீர்கள், நன்றி. எங்கள் மேற்பார்வையாளர் ஆறு வருடமாக என்னைப் பெரியவனே என்றுதான் கூப்பிடுகிறார். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. சுழற்சி முறை என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஆறு வருடமாக அழுக்குத் துணிப் பக்கத்தில் நிற்பது நானும் இன்னும் இரண்டு ஆப்பிரிக்கரும்தான். சமம் என்றால் சுவரின் வெளுத்த பக்கமும் நான் நிற்க வேண்டும்."

அப்படியே எழுதினேன். எழுதி முடித்து அவருக்கு வாசித்தும் காட்டினேன். அந்த இரண்டு ஆப்பிரிக்கர்களும் வந்தார்கள். அவர்கள் சொன்னதையும் எழுதினேன்.

பத்து நாள் கழித்து மேற்பார்வையாளர் மார்கரெட் என்னை அறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் மூன்று தாள்கள்.

"மூன்றும் உன் எழுத்து" என்றாள்.

"ஓம்."

"அவர்கள் இப்படிச் சொன்னார்களா, நீ அவர்கள் வாயில் சொற்களைப் போட்டாயா?"

"ஒரு சொல்லும் என்னுடையதில்லை. வேண்டுமானால் என் முன்னாலேயே அவர்களைக் கேளுங்கள்."

"நீ இங்கே பதின்மூன்று வருடம். உன்னை நான் ஒருநாளும் கஷ்டப்படுத்தியதில்லை."

"உண்மை. அவர்களைத்தான்" என்றேன். அவளுடைய முகம் சிவந்தது.

அடுத்த கிழமைப் பட்டியலில் என் பெயர் அழுக்குத் துணிப் பக்கத்தில் இருந்தது. சுழற்சி தொடங்கியாயிற்று என்று சொன்னார்கள். சுழன்றது நான் மட்டும். முதல் நாள் வாந்தி வந்தது. டெங் எனக்கு இரட்டைக் கையுறை போடப் பழக்கினார். வாயால் மூச்சு எடுக்கச் சொன்னார். "மன்னித்துக்கொள் எலிசா, என்னால்தானே" என்றார். "இல்லை, இது இருபது வருடத்துக்கு முந்திய வேலை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஷெரின் என் கைகள் தடித்திருப்பதைக் கண்டு கேட்டாள். சொன்னேன்.

"மம்மா, அத ஏன் எழுதினீங்க? நான் இப்பிடி எத்தின பேப்பர் பாக்கிறன். தனித்தனியா ஒருத்தரும் வாசிக்கிறல்ல. எல்லாத்தையும் சேத்து ஒரு கிராஃப் போடுவம், அவ்வளவுதான்."

"அனா மூண்டு தரம் வாசிச்சவ" என்றேன்.

"யாரு அனா?"

அப்போதுதான் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். கிளாஸ், மதகு, பலகையில் எழுதிய சொல், நான் எழுதிய இரண்டு வரி. சாப்பாடு ஆறிவிட்டது.

"எனக்குத் தலைவாரின ஆன்ட்டியா? கொய்யாப்பழம் கொண்டு வாறவ?"

அவளுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

"ஓம், அவதான்."

"இப்ப எங்க அவ?"

"தெரியாது."

"தேடினீங்களா?"

நான் தட்டுகளை எடுக்க எழும்பினேன். அவள் என் தொலைபேசியை எடுத்து என் கையில் வைத்தாள். "ரெமி அங்கிளுக்கு எடுங்க."

7

ரெமிக்கு வாகரைப் பக்கம் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். "எஞ்சின் ஒண்டு பாக்கப் போகணும், அப்பிடியே கதிரவெளிக்கும் போய்க் கேக்கிறன்கா" என்றான். மூன்றாம் நாள், நான் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அழைப்பு வந்தது. "ஆள் கிடைச்சிட்டு. நிக்கிறா, கதை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கொடுத்தான்.

"மிஸ்" என்றது குரல். கொஞ்சம் கரகரப்பாகியிருந்தது. வேறு மாற்றமில்லை.

என்ன சொல்வதென்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "தவமணி, நீங்க அண்டைக்குச் சொன்னத நான் எழுதல்ல" என்று மட்டும் வந்தது. எந்த நாள் என்றுகூடச் சொல்லவில்லை.

"தெரியும் மிஸ்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். நான் எவ்வளவு நேரம் கதைச்சன். பேப்பர்ல ரெண்டு வரிதானே இருந்திச்சு. வாசிக்கத் தெரியாட்டியும் அது விளங்காதா?"

என் பஸ் வந்து, நின்று, போனது.

"ஏன் என்னக் கேக்கல்ல?"

"கேட்டு? அடுத்த கூட்டத்துக்கும் உங்கட வீட்டதானே வரணும். எனக்கு அங்க வேற யார் இருந்த?"

"மன்னிச்சுக்கொள்ளுங்க."

பின்னால் யாரோ எஞ்சினை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இப்ப சொன்னது நல்லம் மிஸ்" என்றாள் பிறகு. "நான் கொஞ்சக் காலம் வேற மாதிரி நினைச்சன். நான் சொன்னது எழுதுற அளவுக்குப் பெறுமதியில்லாத கதையாக்கும் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு எத்தினையோ பேர் பேப்பரும் பேனையுமா வந்தாங்க. ஒருத்தருக்கும் நான் வாய் திறக்கல்ல."

பஸ் தரிப்பிடத்தில் நின்று நான் அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கைக்குட்டை நீட்டினாள்.

மதகுக்கு அப்பால் இருந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். சண்டை முடிந்து திரும்பிப் போனபிறகு பல வருடம் தகரக் கொட்டிலில் இருந்திருக்கிறார்கள். பிறகு வந்த வேறொரு திட்டத்தில் ஏழு குடும்பத்துக்குக் கல்வீடு கிடைத்ததாம். நான்கு குடும்பம் பொறுக்க முடியாமல் அதற்கு முதலே வேறு இடம் போய்விட்டார்கள். அந்த நான்கும் எங்கே என்று அவளுக்கும் தெரியாது. எனக்கு அது போதாது. ஆனால் அதற்கு மேல் கேட்டு வாங்க ஒன்றும் இல்லை.

"வந்து உங்களப் பாக்கணும். டிசம்பர்ல வாறன், ஷெரினும் வாறா" என்றேன்.

"டிசம்பர்ல வராதீங்க மிஸ். பிள்ளையள் போனதும் அந்த மாசம், ஊர விட்டு நடந்ததும் அந்த மாசம். அந்த மாசம் நான் ஆரோடயும் கதைக்கிறல்ல. மாசியில வாங்க. மழை விட்டிரும், கடலும் படுத்திரும். ஆறுதலா இருந்து கதைப்பம். நான் சொல்ல இன்னும் கனக்க இருக்கி."

மாசி என்றால் இங்கே பெப்ரவரி, வெயில் கொளுத்தும் காலம். ஷெரினிடம் சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் தன் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டாள். கொய்யாப்பழம் கொண்டு வந்த ஆன்ட்டியிடம் என்ன தமிழில் கதைப்பது என்று மட்டும் பயப்படுகிறாள்.

ஆஸ்பத்திரியில் மேல்மாடி நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து மூன்று தாள்களைப் பற்றியும் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். இப்போது சுழற்சி உண்மையாகவே சுழல்கிறது. டெங் இந்தக் கிழமை வெளுத்த பக்கம் நிற்கிறார். விரிப்பு மடிக்க அவருக்கு என்னைவிட நன்றாக வருகிறது. மார்கரெட் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் கதைக்கிறாள். அது இனி இப்படித்தான் இருக்கும் போல.

நேற்று லீவுப் படிவம் நிரப்பினேன். மூன்று கிழமை, பெப்ரவரி. காரணம் கேட்டிருந்த இடத்தில் விடுமுறை என்று எழுதினாலே போதும், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நான் முழுதாக எழுதினேன். மார்கரெட் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு கையெழுத்துப் போட்டாள்.

என்னோடு வேலை செய்த ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தேன்.